ஒரே ஆள் வேலை பார்க்கும் ஆபீஸ்

1

நெதர்லாந்தில் ஒரு வழக்கம். பிறந்தநாள் வந்தால் நம் கேக்கை நாமே வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போக வேண்டும். வேலையில் சேர்ந்து இத்தனை வருடம் முடிந்தது என்றாலும் அதே கதைதான். நாமே வாங்கி, நாமே வெட்டி, நாமே தட்டில் வைத்து ஒவ்வொரு மேஜையாகக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். வாங்கிக்கொள்கிறவர் நமக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, பக்கத்தில் சும்மா நிற்கிறவருக்கும் சேர்த்துக் கை கொடுப்பார். அது எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால், எப்போதும் அப்படித்தான் என்று சிரிப்பார்கள்.

ஐந்தோவன் நகரத்தில் அந்தக் கம்பெனியில் சேர்ந்து பன்னிரண்டு வருடம் முடிந்த அன்று, அப்படித்தான் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் மேலாளர் லீஸ்பெத் வந்தார். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, "ஒரு நல்ல செய்தி, நீ உன் வீட்டுக்குப் போகப் போகிறாய்" என்றார். பன்னிரண்டு வருடம் உழைத்தவனிடம், அவன் வாங்கி வந்த கேக்கையே தின்றுகொண்டு சொல்கிற வாக்கியமா இது? வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். 

அவர் சொன்னது மதுரையை. நாங்கள் வால்வு செய்கிறவர்கள். அந்த வால்வுக்குள் போடுகிற ரப்பர் வளையங்களைச் செய்து கொடுத்துவந்த ஒரு கம்பெனியை எங்கள் ஆட்கள் விலைக்கு வாங்கியிருந்தார்கள். அது மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி போகிற வழியில் இருக்கிறது. வாங்கிய பிறகுதான் அதன் ஈ.ஆர்.பி. சிஸ்டத்தைப் பார்த்தார்கள். சரக்கு வாங்குவது, விற்பது, ஸ்டாக், பில், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்கிற மென்பொருளைத்தான் அப்படிச் சொல்வது. அது எழுதியவரே மறந்துபோன அளவுக்குப் பழசு. அதில் இருப்பதையெல்லாம் அள்ளி எங்களுடைய புது சிஸ்டத்துக்குள் போட வேண்டும். அதுதான் எனக்கு வந்த வேலை.

"உன் ஊர்தானே, உனக்குச் சுலபமாக இருக்கும்" என்றார் லீஸ்பெத். வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதிலேயே எனக்கு ஆகவே ஆகாத பேச்சு இதுதான். சொந்த ஊரில் சுலபமாக முடிகிற வேலை எது என்று நம்மைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே.

2

கே.கே. நகரில் தங்கை மகேஸ்வரி வீட்டில் தங்கினேன். இறங்கிய முதல் நாளே தொந்தரவு தொடங்கிவிட்டது. என்னிடம் ஆதார் இல்லை. ஆதார் இல்லாதவனுக்கு சிம் கார்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை பெயரில் ஒரு நம்பர் வாங்கினோம். ஆனால் அதற்குள் எல்லா இடத்திலும் மாப்பிள்ளையின் நம்பரையே கொடுத்துத் தொலைத்திருந்தேன். டாக்ஸி கூப்பிட்டாலும் சரி, மாத்திரை வாங்கினாலும் சரி, ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அவர் பழங்காநத்தத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளருக்கு ஆணி நிறுத்துப் போட்டுக்கொண்டே என் ஓ.டி.பி.யைத் தெருவுக்கே கேட்கும்படி போனில் சொல்வார்.

ஃபேக்டரி வாசலில் இன்னொரு கூத்து. என் டச்சு பாஸ்போர்ட்டைப் பார்த்த செக்யூரிட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை கொடுத்தார். அதில் 'வெளிநாட்டவர்' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அண்ணே, நான் உசிலம்பட்டிப் பக்கம்தான் என்றேன். "இருக்கட்டும் சார், பாஸ்போர்ட்டு அப்படிச் சொல்லலையே" என்றார். அங்கே போனால் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கிறார்கள், இங்கே வந்தால் அட்டையே மாட்டிவிடுகிறார்கள். எரிச்சலாக இருந்தது. நாள் முழுக்க அந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் தப்பு முழுக்க அவர்கள் பக்கம் என்றும் சொல்ல முடியாது. மகேஸ்வரி காபி கொடுக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் பொறுத்தவள் மூன்றாம் நாள், நான் என்ன ஹோட்டலா நடத்துறேன் என்று கத்திவிட்டாள். பெரியப்பா வீட்டுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்தால் உங்களுக்கு வசதிப்படுமா என்று கேட்டேன்.  போனை எடுத்த பெரியம்மா, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறிப்போய்க் கேட்டார்.

3

ரப்பர் கம்பெனி ஆபீஸில் பதினொரு பேர். கொள்முதல், ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், கணக்கு எல்லாம் ஒரே ஹாலில். மேனேஜர் பெயர் திருப்பதி. முதல் நாள் காலையில் என்னை சார் என்று கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் என் தாத்தா ஊரைக் கேட்டு, யார் யாருக்கு யார் என்று கணக்குப் போட்டு, சாயங்காலம் மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து அவரிடம் எந்த வேலையையும் கறாராகக் கேட்க முடியாமல் போனது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போனேன். பத்துப் பேரும் கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் இருந்தது, சிஸ்டமும் ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டால், வாசலைப் பார்க்கிறார்கள். ஒன்பது பத்துக்கு ஓர் அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் சாப்பாட்டுக் கூடை. செருப்பைக் கழற்றினார், உட்கார்ந்தார், ஒரே ஒரு பில் போட்டார். பிரிண்டர் கரகரவென்று அதைத் துப்பியதும் ஹால் முழுக்க விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவர்தான் பத்மாவதி. எல்லோருக்கும் பத்மாக்கா.

திருப்பதி பெருமையோடு விளக்கினார். அக்காவுக்குக் கைராசி. கம்பெனி மூடப்போகிற நிலைமையில் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர் அவர். சேர்ந்த அன்று அவர் போட்ட முதல் பில்லின் சரக்கு சென்னைக்குப் போனது. அந்த வாடிக்கையாளர்தான் பிறகு கம்பெனியையே தூக்கி நிறுத்தியது. அன்றிலிருந்து பழைய முதலாளி ஒரு சட்டம் போட்டார். கடையில் போணி பண்ணுவது போலத்தான், தினமும் முதல் பில் பத்மாக்கா கையால் விழ வேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, வீட்டில் விசேஷம் என்றாலும் சரி, கார் அனுப்பிக் கூட்டி வந்து ஒரு பில் போடச் சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முதலாளி கம்பெனியை விற்றுவிட்டுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பில்லின் அடியில் 'தயாரித்தவர்' என்று ஒரு பெயர் அச்சாகும். ஒருமுறை வேறொருவர் பெயரில் போன சரக்கு அப்படியே திரும்பி வந்துவிட்டதாம். வளையத்தின் அளவு தப்பு, அதற்கும் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் பழி பெயர் மேல் விழுந்தது. இனிமேல் எல்லாமே பத்மா பெயரிலேயே போகட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆளுக்கொரு லாகின் இருந்தும், அன்றிலிருந்து பதினொரு பேரும் அவருடைய லாகினில்தான் வேலை. பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். கேன்டீனில் டீ போடுகிறவர்கூட எனக்குச் சொன்னார்.

என் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.  இம்புட்டு நாளாக ஒருத்தருக்குமா இது தப்பென்று தோன்றவில்லை என்று திருப்பதியைக் கேட்டேன். அவர் நிதானமாக, அதுக்கப்புறம் ஒரு சரக்காவது திரும்பி வந்திருக்கா மாப்ள என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சரி, புது சிஸ்டம் வந்தால் ஆளுக்கொரு லாகின் கொடுத்து இதை ஒழித்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். அப்படி நடக்கவில்லை.

4

புது சிஸ்டத்தில் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும், அது சல்லிசான விஷயமில்லை. எத்தனை பேருக்கு வாங்குவது என்று முடிவு செய்ய, பழைய சிஸ்டத்தில் யார் எவ்வளவு வேலை பார்த்தார்கள் என்று ஐந்தோவனில் ஓர் அறிக்கை எடுத்தார்கள். என்னைக் கேட்காமலே எடுத்தார்கள்.

அறிக்கையின்படி மதுரை ஆபீஸில் ஒரே ஓர் ஆள்தான் வேலை பார்க்கிறார். சரக்கு வாங்குவதும் அவர், ஸ்டோர்ஸில் இறக்குவதும் அவர், பில் போடுவதும் அவர், கணக்கு முடிப்பதும் அவர். பல நாள் ஒரே நிமிடத்தில் மூன்று பிரிவில் வேலை செய்திருக்கிறார். லீவே எடுத்ததில்லை. மீதிப் பத்துப் பேர் பக்கத்தில் பூஜ்ஜியம்.

கண் இருக்கிற யாராவது, இது எப்படி முடியும் என்று கேட்டிருக்க வேண்டாமா? ஐந்தோவனில் ஒருவரும் கேட்கவில்லை. வியந்துபோனார்கள். கீழை நாட்டுக்காரர்களின் உழைப்பைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்ததற்கு இது தோதாகப் பொருந்திவிட்டது. பத்மாக்காவை ஆண்டின் சிறந்த ஊழியர் விருதுக்குப் பரிந்துரைத்து அவருக்கே மெயில் அனுப்பிவிட்டார்கள். அதே நாளில் லீஸ்பெத்திடமிருந்து எனக்கு வேறொரு மெயில் வந்தது. ஒரு லைசென்ஸ் போதும், மற்ற பத்து இடங்களும் தேவையில்லை என்று தெரிகிறது, இருக்கிற சில்லறை வேலையைப் போலந்தில் இருக்கும் பொது அலுவலகத்துக்கு மாற்றிவிடலாம், உன் கருத்து என்ன என்று கேட்டிருந்தார்.

இந்த இரண்டாவது மெயில் என் பெட்டிக்குள் கிடந்தபோது ஹாலில் கேசரி விநியோகம் நடந்துகொண்டிருந்தது. பத்மாக்கா வீட்டிலிருந்து பெரிய தூக்குவாளியில் கொண்டு வந்திருந்தார். சௌராஷ்டிர வீட்டுக் கேசரி, நெய் வழிந்தது. தன் தங்கையோடு அவர்கள் வீட்டுப் பாஷையில் போனில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, நடுநடுவே ஹாலந்து ஹாலந்து என்பது மட்டும் கேட்டது. டெஸ்பாட்ச் பார்க்கிற செல்வி, அக்கா ஃபிளைட்ல போய் பரிசு வாங்குமா சார் என்று என்னிடம் கேட்டது. அந்தப் பெண்ணின் வேலையும் போலந்துக்குப் போகிற பத்தில் ஒன்று. 

5

அன்று இரவு வீடியோவில் என் மகள் யாழினியிடம் இதைச் சொன்னேன். பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்வாள். முன்பெல்லாம் இரண்டு வார்த்தையாவது தமிழ் கலந்து வரும், இப்போது அப்பா என்பது மட்டும்தான் மிச்சம். அதையும் போனை வைக்கும்போதுதான் சொல்கிறாள்.

முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்ட கேள்வி, அந்த அம்மா ஏன் முடியாது என்று சொல்லவில்லை என்பது. முதலாளியிடம் எப்படிச் சொல்ல முடியும் என்றேன். வாயால்தான் என்றாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஆசிரியரிடமே அப்படித்தான் பேசுகிறார்கள். பாஸ்வேர்டைக் கொடுப்பது தப்பு, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று முடித்துவிட்டாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கைராசி என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். டச்சில் அதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

எரிச்சல் அவள் மீது மட்டுமில்லை. அவள் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லையே என்கிற எரிச்சல்தான் அதிகம்.

என் நிலைமை இதுதான். உண்மையைச் சொல்லாவிட்டால் பத்துப் பேருக்கு வேலை போகும். சொன்னால், பாஸ்வேர்டைக் கொடுத்த குற்றத்துக்குப் பத்மாக்கா மாட்டுவார். எங்கள் கம்பெனி விதியில் அதற்கு மன்னிப்பு கிடையாது. வருடா வருடம் அதைப் படித்தேன் என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்.

மறுநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அழுவார், அல்லது யோசிக்க நேரம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு என் மேல்தான் எரிச்சல் வந்தது.

"அவுங்க பாத்த வேலையை அவுங்கதான் பாத்தாங்கன்னு சொல்றதுக்கு என்னைய எதுக்குத் தம்பி கேக்குறீங்க? நான் எப்ப எல்லாத்தையும் நானே பாத்தேன்னு சொன்னேன்?"

உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம் என்றேன். பதினொரு பேரும் ஒன்றாகச் சேர்ந்து செய்ததற்கு ஒருத்தியை மட்டும் எப்படித் தம்பி நிறுத்துவார்கள் என்று கேட்டார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்லிவிடுவோம், நியாயம் எங்கே போய்விடும் என்று நானும் தைரியம் கொண்டேன்.

6

லீஸ்பெத் பொறுமையாகக் கேட்டார். கைராசியைப் பற்றிச் சொன்னபோது, அழகான பழக்கம் என்றார். நெதர்லாந்தில் ஒருவர் ஒன்றை அழகு என்று சொன்னால் அடுத்து 'ஆனால்' வரும். வந்தது.

பத்துப் பேரும் வேலை பார்க்கிறார்களா என்று பார்க்க ஒரு சோதனை வைப்போம் என்றார். இரண்டு வாரம் பழைய சிஸ்டமும் புது சிஸ்டமும் சேர்ந்தே ஓடட்டும். புதியதில் ஆளுக்கொரு லாகின் கொடு. வேலை பார்த்தால் தெரிந்துவிடும். இதுவரை நல்லபடியாகத்தான் போனது. அடுத்து பத்மாக்காவின் விஷயம். பாஸ்வேர்டைப் பிறருக்குக் கொடுத்தவருக்குப் புது சிஸ்டத்தில் அனுமதி கிடையாது. அனுமதி இல்லாதவருக்கு அந்த ஆபீஸில் வேலையும் கிடையாது. விருதுப் பரிந்துரை திரும்பப் பெறப்படும். எல்லாம் கௌரவமாகச் செய்வோம் என்றார்.

அந்த பாஸ்வேர்டைப் பயன்படுத்திய பத்துப் பேரும் அதே குற்றம் செய்தவர்கள்தானே என்று கேட்டேன்.

"யார், எந்த நாளில் பயன்படுத்தினார்கள்?" என்றார் லீஸ்பெத். "பதிவில் ஒரு பெயர்தானே இருக்கிறது. பதிவில் இல்லாதவர்கள் மேல் நான் எப்படி நடவடிக்கை எடுப்பது?"

 போன வாரம் இதே பதிவை வைத்துத்தான் அந்தப் பத்துப் பேரும் ஒன்றும் செய்யாதவர்கள் என்று வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள். இந்த வாரம் அதே பதிவை வைத்து, ஒன்றும் செய்யாதவர்கள் என்று மன்னிக்கிறார்கள். மூன்று முறை மெயில் எழுதினேன். பழைய முதலாளியின் உத்தரவு இது, இவர் கேட்டு வாங்கிய பெருமை இல்லை என்று கெஞ்சாத குறையாக எழுதினேன். அந்த உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று பதில் வந்தது. வாசலில் நின்றுகொண்டு வாய்ப்பேச்சாகச் சொன்னதற்கு எழுத்துக்கு எங்கே போவது? பழைய சிஸ்டம் நிற்கிற அன்று அவரும் நின்றுகொள்ளலாம் என்று கடைசியில் உத்தரவு வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமையில் பழைய சிஸ்டம், அவருடைய லாகின் இரண்டையும் அணைத்துவிடச் சொன்னார்கள்.

ஹாலில் இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னேன். திருப்பதி தலையைக் குனிந்துகொண்டார். செல்வி அழுதது. மற்றவர்கள் தங்கள் முகத்தில் நிம்மதி தெரிந்துவிடக் கூடாது என்று பாடுபட்டார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் பத்து வேலை தப்பியதில் எனக்கும் உள்ளுக்குள் நிம்மதி இருந்தது, அதுவும் பிடிக்கவில்லை.

பத்மாக்கா, எப்போதிலிருந்து வர வேண்டாம் தம்பி என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஒன்பது பத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பழைய சிஸ்டத்தில் முதல் பில்லைப் போட்டார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் புது சிஸ்டத்தையே தொட்டார்கள். வேலை போகிறவரின் கைராசியில் இவர்கள் சோதனையில் தேறிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்காவது கூச்சமாக இருந்ததா என்று தெரியவில்லை. 

7

திங்கட்கிழமை புது சிஸ்டம் தனியாக ஓட வேண்டிய நாள். ஒன்பது மணி வரை ராகு காலம், அதனால் அதுவரை யாரும் எதையும் தொடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். லீஸ்பெத்துக்கு அது தெரியாது. அவர் அங்கே விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, கையில் காபியோடு திரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது அடித்தது. ஒன்பதேகால் ஆனது. பத்துப் பேரும் ஆளுக்கொரு லாகினில் நுழைந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்மாக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. நீ போடு மாப்ள என்று கணக்குப் பிரிவு ஸ்டோர்ஸைப் பார்த்தது, நீங்க சீனியர் போடுங்கண்ணே என்று ஸ்டோர்ஸ் திருப்பதியைப் பார்த்தது. திருப்பதி திடீரென்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சிஸ்டம் வேலை செய்யவில்லையா என்று லீஸ்பெத் கேட்டார். செய்கிறது என்றேன். பிறகு ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்றார். இதற்கு எந்த மொழியில் பதில் சொல்வது?

மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்படியே உட்கார்ந்திருங்கள், மத்தியானம் வரை ஒரு பில்லும் விழக் கூடாது, அப்போது அவர்களே பத்மாக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு சிஸ்டம் ஓடாமல் போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றுதான்.

வெளியே ஓசூர் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பில் இல்லாமல் வண்டி நகராது. இரண்டாவது தடவை அடித்தார். மூன்றாவது தடவை விடாமல் அடித்தபோது செல்விக்குப் பொறுமை போய்விட்டது. சனியன், வாரது வரட்டும் என்று சொல்லிக்கொண்டே படபடவென்று தட்டிப் பொத்தானை அழுத்திவிட்டது. பில் வந்தது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஒன்றும் இடிந்து விழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க விசைப்பலகைச் சத்தம். லீஸ்பெத் திரையில் கைதட்டினார்.

அன்று முழுக்க ஒரு தகராறும் இல்லை. இத்தனை வருட அனுபவத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு முதல் நாளை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றிலிருந்து புதிதாக ஆர்டரும் வந்தது. செல்விக்குக் கைராசி என்று ஸ்டோர்ஸில் ஒருவர் சொல்ல, நான் போட்ட சத்தத்தில் அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் பத்மாக்காவைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. அன்று மாலையே பழங்காநத்தத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். தெருவை அடைத்துக்கொண்டு பைக்குகள் நின்றன. அவர் வாசல் அறையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார். உட்காருங்க தம்பி, சாப்பிட்டுத்தான் போகணும் என்றார். நான் சமாதானமாகச் சொல்வதற்கு என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். அவற்றை எடுப்பதற்குள் அவரே கேட்டார்.

"மொத பில்லு யாரு தம்பி போட்டது?"

"செல்வி."

"வண்டி போயிருச்சா?"

"போயிருச்சுக்கா. ஒரு தொந்தரவும் இல்ல. சாயங்காலம் புது ஆர்டர்கூட வந்துச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். நீங்கள் இல்லாமல் தடுமாறிப்போனோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். சந்தோஷப்படவுமில்லை, வருத்தப்பட்ட மாதிரியும் இல்லை. எதையோ கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ காலையில கார் வந்துருச்சு தம்பி. ஒரே ஒரு பில்லுதான்க்கா, போன ஒடனே கொண்டாந்து விட்டுறோம்னாங்க. நானும் போட்டுட்டு வந்துருவோம்னு போனேன். திரும்பி வாரதுக்குள்ள அம்மா முடிஞ்சிருச்சு. கடைசியில என்னையத்தான் கேட்டுச்சாம்."

 அவர் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், அதில் சந்தேகமில்லை.

"செல்வி அன்னைக்கும் ஆபீஸ்லதான தம்பி இருந்துச்சு?"